நான்தான் அந்தப் பன்றி

ஒரு பன்றி யார் என்று தீர்மானிக்க வேண்டிய வழக்கு ஒன்று எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது.

ஆல்டர்ஹம் கோயில் நீதிமன்றத்தில் நான் கதவுக்காரன். உள்ளே வருகிறவர்களின் தொப்பியைக் கழற்றச் சொல்வதும், வெளியே போகிறவர்களுக்குப் படியைக் காட்டுவதும் என் வேலை. எங்களைப் பற்றி ஊரில் தவறாகப் பேசுகிறார்கள். ஆனால் இங்கே யாரையும் விசாரிக்காமல் தண்டித்ததில்லை. செத்துப்போனவர் மேல் புகார் வந்தால்கூட, கல்லறைப் பக்கம் திரும்பிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வராமல் போன குற்றத்தையும் சேர்த்துத்தான் தண்டிப்போம். கூப்பிடுவது நான்தான். என் குரல் கணீரென்று இருக்கும் என்பார்கள்.

வழக்கில் மாட்டியவன் பெயர் ஹேமோ. மேட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஆட்டுக்கிடைக்கு வேலித் தட்டி முடைகிறவன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவன் மனைவி எம்மோட் இருமி இருமிச் செத்துப்போனாள். ஆல்டர்ஹத்துக்கு நடந்தே வந்து இந்தக் கோயிலில் உள்ள தூய எல்மினின் எலும்புப் பேழையைத் தொடுவதாக அவளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. செத்தவள் நடக்க முடியாது என்பதால், ஈஸ்டர் கழிந்து பாதை காய்ந்ததும் ஹேமோ நடந்தான்.

வழியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். யாத்திரைக் கூட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சாயக்காரி ஒருத்தி கள்ளப் புருஷன் கதை சொன்னாள். ஒரு கப்பல்காரன் பேய்க் கதை சொன்னான். ஹேமோவின் முறை வந்தது.

அவன் சொன்னதை அந்தச் சாயக்காரியே எங்கள் மண்டபத்தில் சத்தியம் செய்து அப்படியே ஒப்பித்தாள்.

"எனக்குக் கதை தெரியாது. எங்க வீட்ல ஒரு பன்னி இருக்கு, வேணா அதப் பத்திச் சொல்றேன். எந்த வீட்ல உலை வெக்கிறாங்கன்னு அதுக்குத் தெரியும். வாசல்ல போய் நின்னு உறுமும். ஏதாச்சும் குடுத்தாத்தான் நகரும். அதுகிட்ட ஒரு பழைய எலும்பு இருக்கு. என்ன எலும்புன்னு தெரியல. அடுத்த வீட்டுப் பன்னிங்க தவிட்ட விட்டுக்குடுத்தா அத மோந்து பாக்க விடும். ஒரு தடவ கோயிலுக்குள்ள பூந்து பீடத்து மெழுகுவத்தியெல்லாம் தின்னுட்டு, பூசை முடியுற வரைக்கும் தூங்குச்சு. தபசு காலத்து நோன்புல ஊரே இளைக்கும், அது இளைக்காது. எம்மோட்டு அதும் பக்கத்துல ஒக்காந்து அவ கஷ்டத்தையெல்லாம் சொல்லுவா. கண்ண மூடிக்கிட்டு முழுசாக் கேக்கும். கேட்டு முடிச்சதும் சாப்பிடப் போயிரும். அவ்வளவுதான்."

சாயக்காரி கோவேறு கழுதையிலிருந்து விழுந்தே விட்டாளாம். கப்பல்காரன் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி ஓரமாகப் போய் நின்றானாம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். ஹேமோ அதே முகத்தோடு, அதே வார்த்தைகளில் இன்னொரு முறை சொன்னான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. எம்மோட் போனதிலிருந்து அவன் எதையுமே கேட்பதில்லை.

அவன் நகர வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கதை முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கோயில் படியில் ஒரு காலை எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து ஓடோ அவன் தோளைப் பிடித்தார்.

பாவம் செய்தவர்களை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்து எங்கள் நீதிமன்றத்துக்கு அழைத்து வருகிறவர் ஓடோ. மிகவும் சுறுசுறுப்பானவர். சில சமயம் பாவம் நடப்பதற்கு முன்பே போய்விடுவார்.

"பன்னிக் கதை சொன்னது நீதான?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"காலக் கீழ வை. அவதூறு வழக்கு. முடியுற வரைக்கும் நீ கோயிலுக்குள்ள போகக் கூடாது. குற்றம் உறுதியாச்சுன்னா அப்புறம் எந்தக் கோயிலுக்குள்ளயும் போக முடியாது. செத்தாலும் பொதைக்கிறது ரோட்டோரந்தான்."

ஹேமோ காலை எடுத்துக் கீழே வைத்தான்.

என் கதவுக்குப் பக்கத்தில் விறகு போடுகிற அறை ஒன்று உண்டு. அதில் அவனைத் தங்க வைத்தோம். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் தூய எல்மினின் வாசல் தெரியும், உள்ளே பாடுவதும் கேட்கும். ரொட்டி கொடுத்தால் சாப்பிட்டான். கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. விறகுக் குச்சிகளை எடுத்துப் பின்னிக்கொண்டே இருப்பான். முடிந்ததும் பிரித்துப் போடுவான்.

எங்கள் நீதிபதி மாஸ்டர் அம்ஃப்ரி. பிஷப்பின் இடத்தில் உட்கார்ந்து நீதி சொல்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு வழக்கைக் கேட்பது அவர் பழக்கம். முதல் நாள் அவர் ஹேமோவை மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பன்றி யாரப்பா?"

"பன்னிதான் சாமி."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. யார மனசுல வெச்சுக்கிட்டுச் சொன்ன?"

"பன்னிய."

"அதுக்குப் பேர் என்ன?"

"பேர் இல்லீங்க."

"பேரை மறைக்கிறான், குறிச்சுக்கோ" என்றார் நீதிபதி. எழுத்தர் லத்தீனில் எழுதிக்கொண்டார். லத்தீனில் எழுதியதும் பன்றி இன்னும் பெரியதாகத் தெரிந்தது.

பிறகு ஓடோ எழுந்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"சாமி, இந்த வட்டாரத்துல உலை வெக்கிற நேரம் பாத்து எந்த வீட்டு வாசல்லயாவது யாராவது போய் நிக்கிறாங்கன்னா அது யாரு? நான்தான். வாசல்ல நின்னு உறுமுறது யாரு? குடுத்தாத்தான் நகருறது யாரு? இருவது வருஷமா மழன்னு பாக்காம பனின்னு பாக்காம செஞ்சுக்கிட்டு வரேன். சந்தேகமா இருந்தா யார வேணா கேளுங்க."

கேட்டோம். தெருவில் போனவர்களையெல்லாம் நான் உள்ளே கூப்பிட்டேன். எல்லோரும் ஒரே குரலில் ஓடோவுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்கள். ஒரு ரொட்டிக்காரி, அவர் கடைசியாக வந்தபோது அவள் வீட்டிலிருந்து வாத்தைத் தூக்கிக்கொண்டு போனதையும் சேர்த்துச் சொன்னாள். ஓடோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு நன்றி சொன்னார்.

அத்தோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் யாத்திரைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குள் நுழைந்ததும் "பன்றி எங்கே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சாராயக் கடையில் ஓடோவுக்கு நடுவில் இடம் போட்டார்கள். அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். உறுமிக் காட்டச் சொன்னார்கள், அவரும் காட்டினார். தூய எல்மினின் பேழைப் பக்கம் கூட்டம் குறைந்துபோனது.

இதை லம்பேர்டால் தாங்க முடியவில்லை. பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவர் அவர். கழுத்தில் ஒரு பை. அதற்குள் தூய எல்மினின் தாடை எலும்பு. தொட்டுக் கும்பிட்டுச் சீட்டு வாங்கினால் பழைய பாவமும் போகும், செய்யப்போகிற பாவத்திலும் ஓரளவு போகும். நேராக மண்டபத்துக்குள் வந்து நின்றார்.

"அந்தாளு பன்னின்னு ஊரை ஏமாத்துறான் சாமி. வாசல்ல நின்னு உறுமுறத நாய்கூடச் செய்யும். கதையோட உயிரே அந்த எலும்புலதான் இருக்கு. யார் எலும்புன்னு தெரியாத ஒரு எலும்பக் காட்டி, அடுத்தவன் தவிட்டப் புடுங்குறது. இந்தத் தொழில இந்த ஊர்ல வேற யாரு பண்றா?"

"உங்க எலும்புதான் தூய எல்மினோடதுன்னு தெரியுமே" என்றார் நீதிபதி, கண்ணைத் திறக்காமல்.

"யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. சந்தையில வாங்கினது. பன்னி எலும்புன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. என் சொந்தத் தங்கச்சி சொல்றா. அப்ப இந்தக் கத என்னப் பத்தி இல்லாம யாரப் பத்தி? எனக்கு உரிய அவமானத்த அவன் அனுபவிக்கிறான். இது நியாயமா?"

ஓடோ பாய்ந்தார். "யோவ், எலும்பு ஒரு வரிதான்யா வருது. உறுமல் மொதல்லயே வருது."

"மொதல்ல வந்தா ஆச்சா? கேக்குறவன் மனசுல நிக்கிறது எலும்புதான்யா."

நீதிபதி ஹேமோவிடம் கேட்டார். "நீயே சொல்லு. ரெண்டு பேர்ல யாரு?"

ஹேமோ இருவரையும் பார்த்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கச் சொன்னால் பார்த்துக்கொண்டிருப்பான் போலிருந்தது. "ரெண்டு பேருமே இல்ல சாமி. அதுக்கு வால் இருக்கு" என்றான்.

அவன் நீதிமன்றத்தை அலைக்கழிப்பதாக எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்து, ஆஸ்கெட்டில் என்ற பெயருடைய மடத்துத் தலைவர் பல்லக்கில் வந்தார். கூடவே இரண்டு மெத்தைகளும் வந்தன. வாதம் நடக்கும்போது அவர் தூங்கினார். கழுத்து மடிப்பிலிருந்து ஒரு மெல்லிய குறட்டை வந்தது. எழுந்ததும் அதையே சான்றாகக் காட்டினார்.

"இப்ப தூங்கினேனா இல்லையா? பூசையிலயும் இப்படித்தான். கோயிலுக்கு வர மெழுகையெல்லாம் மடம் வித்துத் தின்னுட்டுது. இருட்டுலதான் செபம் சொல்றாங்க என் பிள்ளைங்க. தபசு காலத்துல நான் இளைச்சதா யாராவது பாத்திருக்கீங்களா? ஏன் சாமி, ஒரு சம்மன்காரனும் ஒரு சீட்டு விக்கிறவனும் பன்றின்னா, மடத்துத் தலைவர்னு நான் எதுக்கு இருக்கேன்? முப்பது வருஷமா நான் செஞ்சதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

கடைசிக் கேள்வியை அவர் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அன்று மாலை ஹேமோவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். "மூணு பேர்ல ஒருத்தரச் சொல்லித் தொலையேம்ப்பா. மன்னிப்புக் கேட்டுட்டு மெழுகுவத்தி ஏத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீதிமன்றத்துல சொன்னா பொய் இல்ல."

அவன் ரொட்டியைப் பிட்டான். "அது எங்க வீட்லதான் இருக்கு. பக்கத்து வீட்ல பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். நம்பலேன்னா பாத்துக்கட்டும்" என்றான்.

நல்லது செய்வதாக நினைத்து நான் இதை நீதிபதியிடம் சொன்னேன். அவர் உடனே ஆள் அனுப்பினார்.

பன்றி வைக்கோல் வண்டியில் வந்தது. மண்டபம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். அதற்குத் தொப்பி இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் மண்டபத்தைக் கடந்து போய் ஹேமோவின் பாதத்தின் மேல் படுத்துக் கண்ணை மூடியது. ஹேமோவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கை மட்டும் தானாக இறங்கிக் கிழிந்த காதின் பின்புறத்தைச் சொறிந்தது.

"என்ன கேக்குது?" என்றார் நீதிபதி.

"பசிக்கும் சாமி. வண்டியில வந்திருக்கு."

ஒப்பிட்டுப் பார்ப்பது தொடங்கியது. ஓடோ பன்றிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்கைப் பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். ஆஸ்கெட்டில் மெத்தையைப் போட்டு அதன் பக்கத்திலேயே படுத்தார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டதை மடத்துச் சாமியார்கள் சுட்டிக் காட்டினார்கள். லம்பேர்ட் பையைத் திறந்து தூய எல்மினின் தாடையை எடுத்துப் பன்றியின் தாடையோடு வைத்துக் காட்டினார். பல்லுக்குப் பல் பொருந்தியது. லம்பேர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

கூட்டத்தில் இருந்த சிலர் அந்த எலும்பைப் பார்த்து முழங்காலிட்டார்கள். சிலர் பன்றியைப் பார்த்து முழங்காலிட்டார்கள்.

அப்போதுதான் மாஸ்டர் அம்ஃப்ரி கண்ணைத் திறந்தார். அவர் கண்ணின் நிறம் நீலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கதையில கடைசியா என்ன வருது?" என்றார்.

எழுத்தர் தேடி எடுத்து வாசித்தார். அவள் கஷ்டத்தையெல்லாம் சொல்லுவாள், அது கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்கும், கேட்டு முடித்ததும் சாப்பிடப் போய்விடும்.

நீதிபதி அந்தத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "விதவைங்க வருவாங்க. நெலத்தப் பறி குடுத்தவங்க வருவாங்க. நான் ஒரு வார்த்த விடாம கேப்பேன். மணி அடிக்கும். எழுந்து சாப்பிடப் போவேன். ஒருத்தர்கூட இத இவ்வளவு சரியாச் சொன்னதில்ல" என்றார். அவர் முகம் சிவந்து, ஏறக்குறைய அழகாக இருந்தது. "மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். அந்தப் பன்றி நான்தான்."

தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லலாமா என்று எழுத்தர் மெல்லக் கேட்டார். வேறு நீதிபதி இல்லாததால் சொல்லலாம் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அடுத்து, முக்கியமான தீர்ப்பு. அதை நான்தான் உரத்த குரலில் திரும்பச் சொன்னேன்.

நான்கு பேரும் தாங்கள் அந்தப் பன்றிதான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே ஹேமோ சொன்னது உண்மை. உண்மை அவதூறு ஆகாது. ஹேமோ குற்றமற்றவன், எந்தக் கோயிலுக்குள்ளும் போகலாம். ஆனால் கோயிலைச் சேர்ந்த நான்கு பெரியவர்களின் சாயலைத் தாங்கியிருக்கும் ஒன்று ஒரு குடியானவன் வீட்டுக் கொட்டிலில் சேற்றில் படுத்திருப்பது முறையல்ல. அது கோயிலுக்குச் சொந்தம்.

"புரிஞ்சுதா?" என்றார் நீதிபதி.

"பன்னிய வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாமா சாமி?" என்றான் ஹேமோ.

"புரியல இவனுக்கு" என்றார் நீதிபதி, கோபமில்லாமல்.

வழக்காடியவர்கள் வழக்கு முடிந்ததும் ஒரே மேசையில் சாப்பிட்டுப் பகையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அன்புநாள் என்று சொல்வோம். எல்லோரும் சாப்பிட வேண்டும். ஒருவர் சாப்பிடாவிட்டாலும் பகை தீரவில்லை என்று பொருள், வழக்கு மறுபடி திறக்கும். மடத்துச் சமையல்காரன் மறுநாள் காலையே கத்தியோடு வந்துவிட்டான். கோயில் கொட்டிலில் பன்றியின் பக்கத்தில் படுத்திருந்த ஹேமோவை எழுப்பியது நான்தான். எழுந்து, உடையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டு, தள்ளி நின்றான். பன்றி அவனைப் பார்த்து ஒருமுறை உறுமியது. அவன் கைகள் இரண்டும் காற்றில் எதையோ பின்னிக்கொண்டிருந்தன.

விருந்தில் ஒரு சின்னத் தகராறு வந்தது. தலை யாருக்கு என்று. உறுமலும் மூக்கும் தலையில் இருப்பதால் தனக்கு என்றார் ஓடோ. தாடை இருப்பதால் தனக்கு என்றார் லம்பேர்ட். தலைவர் என்ற சொல்லிலேயே தலை இருப்பதாக ஆஸ்கெட்டில் சொன்னார். நீதிபதி மூவரையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு முடித்துத் தலையைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஹேமோவுக்கு விலாப் பக்கத்துத் துண்டு கிடைத்தது. கடுகுச் சாற்றோடு. நால்வரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடுப்பா, பகை வேண்டாம்" என்றார் ஆஸ்கெட்டில்.

அவன் ஒரு துண்டை வாயில் வைத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் தட்டுகளுக்குத் திரும்பினார்கள். பிறகு தட்டில் இருந்தது அத்தனையையும், யாரும் சொல்லாமலேயே, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தான். எலும்பை ஓரமாக வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்றார் லம்பேர்ட்.

"நல்லா இருக்குங்க. எம்மோட்டு நல்லா வளத்தா."

நல்ல மனநிலையில் இருந்த நீதிபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இன்னொரு கதை சொல்லேம்ப்பா" என்றார். ஓடோ கோப்பையை வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார். மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இந்த முறையும் கதையில் தாங்கள் இருக்க வேண்டும் என்ற ஆசை நால்வர் முகத்திலும் தெரிந்தது.

"வேற கத இல்ல சாமி" என்றான் ஹேமோ. "ஒண்ணுதான் இருந்துச்சு."

நான் அவனை வெளியே கூட்டிவந்து படியைக் காட்டினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிரே கோயில் வாசல் அகலத் திறந்திருந்தது. உள்ளே மெழுகுவத்தி அதிகம் இல்லாவிட்டாலும், பாட்டு நன்றாகக் கேட்டது. அவன் முதுகுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர வாசல் பக்கம் திரும்பினான்.

"ஏம்ப்பா, கோயில் இந்தப் பக்கம். விடுதல ஆயிட்ட. தாராளமாப் போகலாம்."

"தெரியுங்க."

"உன் சம்சாரத்தோட வேண்டுதல் பாக்கி இருக்குன்னியே. அவ எதுக்கு வேண்டிக்கிட்டா?"

அவன் முதுகுப் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"குட்டியா இருந்தப்ப அதுக்குச் சீக்கு வந்துச்சு" என்றான். "எங்களுக்குப் புள்ள குட்டி கெடையாது. அது மட்டும் பொழச்சிட்டா நடந்தே வரேன்னு வேண்டிக்கிட்டா."

அவன் போன பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து மேசையைத் துடைக்கக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.